காத்திருக்கப் பழகுவது எப்படி? பொறுமைக்கும் நம்பிக்கைக்கும் வன்னிக் கிறிஸ்தவருக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள். காணிக்கு உறுதி கிடைக்கும் என்று ஒருவர், வீட்டுத்திட்டத்தில் அடுத்த கட்டக் காசு வரும் என்று இன்னொருவர். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு விசா சரிவரும், மகளுக்குக் கலியாணம் பொருந்தும், ஐப்பசி மழை நேரத்துக்குப் பெய்யும் என்று காத்திருப்போர் வேறு. போர் முடிந்த 2009 மே மாதம் கண்ணெதிரே படையினரிடம் கையளித்த பிள்ளை திரும்பி வருவான் என்று இன்றுவரை படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

இவர்கள் பூசைக்கோ செபக் கூட்டத்துக்கோ வந்தால் காதில் விழுவது, "பொறுமையா இருங்கோ, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் எப்படிப் பொறுமையாக இருப்பது, விடிய எழும்பியதும் என்ன செய்வது, இரவில் நித்திரை வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பொறுமை சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என்று விட்டுவிடுகிறோம். அது பழகி வருவது. நீங்கள் மடு மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கராக இருந்தாலும் சபைக்குப் போகிற மற்றக் கிறிஸ்தவராக இருந்தாலும் கீழே உள்ளவற்றைச் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம். ஒரு படி கொஞ்சம் பழகிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

தொடங்கும் முன்

பொறுமை என்றால் வாய் பேசாமல் சகித்துக்கொள்வது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினா பொறுமையைத் துணிவு என்ற புண்ணியத்தோடு சேர்த்துத்தான் வைத்தார். துன்பம் வந்து அழுத்தும்போது நல்லதை விட்டு விலகாமல் நிற்பதற்குத் துணிவு வேண்டும் அல்லவா? அப்படிப் பார்த்தால் பொறுமைசாலி கோழை அல்ல.

நம்பிக்கைக்கு எதிராக இரண்டு பாவங்கள் உண்டு என்று திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஒன்று, இனி ஒன்றுமே இல்லை என்று கைவிடுவது. மற்றது, நான் நினைத்ததைக் கடவுள் கட்டாயம் செய்துதருவார் என்று மட்டுமீறி எதிர்பார்ப்பது. முதலாவதைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் பக்கத்தில் அதிகம் பேரின் விசுவாசத்தை உடைத்தது இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

படி 1: எதற்குக் காத்திருக்கிறேன் என்று எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். மனதில் பாரமாகக் கிடக்கும் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பெரியது சின்னது பார்க்க வேண்டாம். மகன், காணி, லோன், முழங்கால் நோ, மருமகளோடு பேச்சில்லை, எல்லாம் வரட்டும். எழுதி முடித்ததும் அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் பங்கு, கடவுள் வாக்குக் கொடுத்தவை. பாவமன்னிப்பு, "உலகத்தின் முடிவுபரியந்தம்" கூடவே இருப்பேன் என்ற இயேசுவின் சொல், மரித்தோர் எழுவது, ஒருநாள் அவர் நீதியாய்த் தீர்ப்பளிப்பது. இவை நடக்கும். இவற்றில் உங்கள் முழுப் பாரத்தையும் வைக்கலாம்.

இரண்டாவது பங்கு, கேட்க நமக்கு உரிமை உண்டு, ஆனால் இன்ன விதமாய் நடக்கும் என்று வாக்குக் கொடுக்கப்படவில்லை. நோய் மாறுவது, விசா கிடைப்பது, பிள்ளை உயிரோடு திரும்புவது எல்லாம் இதற்குள்தான் வரும். எழுதும்போதே கை நடுங்கும். ஆனாலும் இதை இந்தப் பங்கில்தான் எழுத வேண்டும். கெத்செமனேயில் இயேசு கேட்டதும் இந்தப் பங்கில் உள்ள ஒன்றைத்தான். பாத்திரம் நீங்கும்படி கேட்டார், நீங்கவில்லை. பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. கேட்டது கிடைக்காததால் இருவருடைய விசுவாசமும் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. "விசுவாசம் காணாது, அதுதான் பிள்ளை வரேல்ல" என்று ஒரு தாயிடம் சொல்லத் துணிகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது பங்கு, நம் கையிலேயே இருப்பவை. காணிப் பெர்மிட் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் போய்க் கேட்பது, வரம்புச் சண்டையில் பேச்சை விட்ட தம்பியிடம் முதலில் போய்ப் பேசுவது, நுண்கடன் கணக்கை ஒழுங்காக எழுதிப் பார்ப்பது. இவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இவற்றுக்காகவும் கடவுளைக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்துகிறோம். அது பொறுமை ஆகாது.

பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று தெரியவரும். இரண்டாவது பங்கில் உள்ளதை முதலாவதில் வைத்து நம்பியிருப்போம், முதலாவதில் உள்ளதை மறந்தே போயிருப்போம். இந்தக் கொப்பியை வைத்திருங்கள். பிறகும் தேவைப்படும்.

படி 2: முறையிடப் பழகுங்கள்

கடவுளிடம் கோபமாகப் பேசினால் பாவம் என்று நினைத்து எத்தனையோ பேர் செபத்தையே விட்டிருக்கிறார்கள். 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. என்னை எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்ற கேள்விகளைத் திருச்சபை செபமாகவே ஏற்று இரண்டாயிரம் வருடமாகச் சொல்லி வருகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. மற்றப் புலம்பல்கள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பாது. இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்துக்குள்தான் இருக்கிறது.

யோபின் பொறுமையைப் பற்றி யாக்கோபு சொல்கிறார். அந்த யோபு எத்தனை அதிகாரங்களுக்குக் கடவுளோடு வழக்காடினார் என்று எண்ணிப் பாருங்கள். வழக்காடியபடியே கடவுளை விட்டுப் போகாமல் இருந்தார். அவருடைய பொறுமை அதுதான்.

செய்யும் முறை இது. தனியாக இருக்கும் நேரம், வாய்விட்டு, உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். முதலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்து முறைப்பாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். கடைசியில், முடிந்தால் மட்டும், நம்பிக்கையாக ஒரு வரி சொல்லுங்கள். முடியாத நாளில் 88ஆம் சங்கீதக்காரரைப் போல அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு, மாதாவின் ஒப்பாரி பாடி வளர்ந்த சனம் நாங்கள். அழுதபடி செபிப்பது எங்களுக்குப் புதிதல்ல. சத்தமாய் அழுவதைவிடச் சத்தமாய்த் துதிப்பதே நல்ல விசுவாசம் என்ற எண்ணம் பிறகு வந்து சேர்ந்தது.

படி 3: கடவுளுக்குத் திகதி குறிக்காதீர்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிகம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் காயம் இங்கேதான் அதிகம்.

"நத்தாருக்கு முதல் உங்கட மகன் வீட்டில நிப்பான் என்று ஆண்டவர் காட்டினவர்." இப்படி ஒரு வார்த்தையைச் செபக் கூட்டத்தில் கேட்டு, புதுச் சாரமும் சேட்டும் வாங்கி மடித்து வைத்த வீடுகள் உண்டு. நத்தார் வரும், போகும். அப்புறம் அந்தத் தாய் மகனை மட்டுமல்ல, கடவுளையும் சேர்த்து இழந்து நிற்கிறாள். சொன்னவர் அடுத்த ஊரில் அடுத்த கூட்டம் நடத்திக்கொண்டிருப்பார்.

எரேமியா காலத்தில் இதேதான் நடந்தது. எருசலேமிலிருந்து சனத்தைப் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து, இரண்டு வருடத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கடவுளின் பெயரால் சொன்னான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் எடுத்து முறித்தான். எரேமியாவின் முதல் பதில் "ஆமென்" என்பதுதான். அப்படியே நடக்கட்டும் என்று அவரும் ஆசைப்பட்டார். ஆனால் அது கடவுள் சொன்னது அல்ல என்று அவருக்குத் தெரியும். பிறகு சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுபது வருடம் ஆகும், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டினத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றது அந்தக் கடிதம்.

நம் வீட்டுக் கலண்டர்களில் அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்கள் பேரில் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று வரும். அது இந்தக் கடிதத்துக்குள் இருக்கும் வரி. அதற்கு முந்திய வசனத்தில் எழுபது வருடம் நிற்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பும் நாளைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் அவர்களுக்கு அது நல்ல செய்தியாகத்தான் சொல்லப்பட்டது. 11ஆம் வசனத்தைத் தனியே வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டாமல், 28ஆம் அதிகாரத்தில் தொடங்கி 29:14 வரை ஒரே இருப்பில் வாசியுங்கள்.

யாராவது உங்களுக்குத் திகதியோடு வாக்கு சொன்னால், அதை உடனே மனதில் பதித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பாதரிடமோ போதகரிடமோ, வீட்டில் நிதானமான ஒருவரிடமோ சொல்லுங்கள். அந்த வாக்குக்காகக் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நீங்கள் கேட்கும் செபத்திலும் திகதி இருந்தால் எடுத்துவிடுங்கள். "இந்த மாதத்துக்குள் தாரும், இல்லாவிட்டால்…" என்று தொடங்கும் நேர்த்தி, நம்பிக்கையைப் பேரமாக மாற்றிவிடும்.

படி 4: புழுதியில் விதையுங்கள்

யாக்கோபு தன் நிருபத்தில் பொறுமைக்கு உதாரணமாக ஒரு கமக்காரனைக் காட்டுகிறார். அவன் "முன்மாரியும் பின்மாரியும் வருமளவும்" காத்திருக்கிறான் (5:7). பலஸ்தீனத்தில் முன்மாரி ஒக்டோபர், நவம்பரில் பெய்யும். அங்கே அது விதைப்புக் காலம். நம் பெரிய நெல் விதைப்பான காலபோகம் தொடங்குவதும் அதே மாதங்களில்தான், ஆகவே அந்த வசனத்தை விளங்கிக்கொள்ள நமக்கு விரிவுரை வேண்டியதில்லை.

ஆவணி, புரட்டாதியில் வன்னி வயல் வெடித்துக் கிடக்கும். குளத்துத் தண்ணீர் பாயாத மானாவாரிக் காணிக்காரர் அந்த நேரம் உழுது, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விசிறுவார்கள். புழுதி விதைப்பு. நிலத்தில் ஈரமே இருக்காது. வானத்தில் முகிலும் இருக்காது. விதைத்ததை எறும்பு இழுக்கும், புறா பொறுக்கும். ஒரு மழைக்கு முளைத்து, பிறகு இரண்டு கிழமை வெயில் எறித்தால் கருகிப்போகும், திரும்ப விதைநெல்லுக்கு அலைய வேண்டும். எல்லாம் தெரிந்தும் விதைக்கிறார்கள். மழை வந்தபின் பார்ப்போம் என்று இருந்தால் பயிர் பிந்திவிடும். மழைக்கு முதலே மண்ணுக்குள் இருக்கும் விதை முதல் மழையோடு எழும்பும்.

கிறிஸ்தவப் பொறுமைக்கு இதைவிடத் தெளிவான படத்தை நான் காணவில்லை. யாக்கோபின் கமக்காரன் திண்ணையில் குந்தியிருந்து வானத்தைப் பார்க்கவில்லை. அவன் பங்கு வேலை முடிந்தாயிற்று. மழை அவன் கையில் இல்லை, அதற்குத்தான் காத்திருக்கிறான்.

எரேமியாவும் இதைச் செய்தார். பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது, அவரோ காவலில் இருக்கிறார். சித்தப்பன் மகன் வந்து ஆனதோத்தில் இருக்கும் காணியை வாங்கச் சொல்கிறான். அவர் 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, உறுதியை நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொல்கிறார். படைக்காரர் கையில் போகும் காணிக்குக் காசு கொடுப்பது என்றால் என்ன என்று, காணியைப் படையிடம் இழந்த கேப்பாப்பிலவு மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் வீடுகளும் வயல்களும் திரும்பவும் வாங்கப்படும் என்று கடவுள் சொன்னார். அதை அவர் நம்பினார் என்பதற்கு அந்த உறுதிதான் அத்தாட்சி.

ஆகவே காத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தேடுங்கள். கொப்பியில் இரண்டாவது பங்கை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்தக் கிழமை செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள். விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளை அதற்குள் ஒரு தொழிலைக் கற்கலாம். திரும்பக் கிடைக்காத காணிக்கு இருக்கும் பத்திரங்களைப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தலாம். பிள்ளையைத் தொலைத்தவர் பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், அல்லது வளவில் ஒரு தேசி மரம் வைக்கலாம். சின்ன வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மாதம் செய்து பார்த்தால் உள்ளுக்குள் என்ன மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

படி 5: நாளுக்கு ஒரு ஒழுங்கு

எலியா சாகவேண்டும் என்று கேட்டு சூரைச்செடியின் கீழ் படுத்தபோது கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தூதன் வந்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு, திரும்பப் படுத்து, எழும்பித் திரும்பவும் சாப்பிட்டார். பிறகுதான் பயணம். சாப்பிடாமல், நித்திரை இல்லாமல் பொறுமையாக இருக்க யாராலும் முடியாது. நேரத்துக்குச் சாப்பிடுவதையும் செபத்தின் பாகமாக எண்ணுங்கள்.

விடிய எழும்பியதும் போனை எடுக்க முதல் புலம்பல் 3:22, 23ஐச் சொல்லுங்கள். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்கிறது. நாளைக்குரிய பலத்தை இன்றைக்கே கேட்க வேண்டாம். மதியம் கோயில் மணி கேட்டால் மூவேளைச் செபம், மற்றவர்களுக்கு ஒரு நிமிட அமைதி போதும். இரவில் அன்றைய நாளைத் திருப்பிப் பாருங்கள். எங்கே பொறுமை இழந்தேன், எங்கே காத்தேன், எங்கே சின்னதாய் ஒரு நன்மை வந்தது என்று பார்த்தால் போதும்.

நித்திரை வராத இரவுகளுக்கு 130ஆம் சங்கீதம். விடியலுக்குக் காத்திருக்கும் காவற்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா காத்திருக்கிறது என்று வரும். யானைக் காவலுக்குக் குடிலில் முழித்திருந்தவர்கள் அந்த வரியை வேறு மாதிரி வாசிப்பார்கள்.

மாதக்கணக்காய் நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பம் இல்லை, செத்துப்போகலாம் என்று எண்ணம் வருகிறது என்றால் அது செபத்தால் மட்டும் தீர்க்கும் விஷயம் இல்லை. பக்கத்து வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், அல்லது 1926 என்ற தேசிய இலக்கத்துக்கு அழையுங்கள். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல.

படி 6: ஆட்களோடு பொறுமை

காலம் போவதைப் பொறுப்பது ஒன்று, வீட்டில் இருப்பவரைப் பொறுப்பது இன்னொன்று. முதலாவதில் தேர்ந்தவர்கள்கூட இரண்டாவதில் விழுவார்கள். போருக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அப்பாமார் சின்னச் சத்தத்துக்கே சீறுகிறார்கள், பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரிவதில்லை. இங்கே பழக வேண்டியது ஒன்றே ஒன்று. பதில் சொல்ல முன் ஒரு மூச்சு விடுங்கள், அந்த மூச்சுக்குள் அவரும் ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. புருசன் அடிக்கிறான் என்று வருகிற பெண்ணிடம் "பொறுத்துப் போ பிள்ளை, சிலுவை என்று நினை" என்று சொல்வது சுவிசேஷத்துக்கு விரோதம். சிலுவையை இயேசு தாமாக ஏற்றார். அடி வாங்குவதை ஒருவர் மேல் சுமத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், அதைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கலாம்.

படி 7: நீதியைக் கேட்டுக்கொண்டே காத்திருங்கள்

யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் கமக்காரன் வருவது 7ஆம் வசனத்தில். அதற்கு மேலே, 4ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? வயலை அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. அநியாயத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்துவிட்டுத்தான் பொறுமையாயிருங்கள் என்கிறார். மேல் பாதியை விட்டுக் கீழ்ப் பாதியை மட்டும் பிரசங்கிப்பது நேர்மை இல்லை.

லூக்கா 18இல் ஒரு விதவை நீதியற்ற நடுவனிடம் திரும்பத் திரும்பப் போகிறாள். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் செபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை அது. கிளிநொச்சியில் கந்தசாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். சைவத் தாய்மாரும் கிறிஸ்தவத் தாய்மாரும் ஒன்றாக இருந்தார்கள். இருந்தவர்களில் பலர் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

அப்படி ஒரு அம்மாவின் பையைத் திறந்தால் உள்ளே ஒரு ஃபைல் இருக்கும். பொலித்தீன் உறைக்குள் மகனின் படம், மூலைகள் மஞ்சளாகிப்போய். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆணைக்குழுக்களில் கொடுத்த வாக்குமூலங்கள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கடிதம், எல்லாம் திகதி வரிசையில். அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பார்கள். இவர்களைப் பார்த்து, பொறுமை இல்லாமல் றோட்டில் இருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. வன்னியில் பொறுமைக்கு யாரைக் காட்டலாம் என்று என்னைக் கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன். மன்னார் ஆயராக இருந்து 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமான இராயப்பு யோசப் ஆண்டகை, இறுதிப் போரின் பின் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011இல் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். செபமாலை சொன்ன அதே வாயால்தான் கேட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்களுக்கு அப்படி ஒரு வழக்கோ காணிப் பிரச்சினையோ இருந்தால் ஃபைலை ஒழுங்காக வைத்திருங்கள், போகும் இடத்துக்குத் தனியே போகாதீர்கள். இல்லாவிட்டால் இருப்பவரோடு ஒருநாள் கூடப் போங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலே அது பெரிய காரியம்.

படி 8: ஒன்றாகக் காத்திருங்கள்

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் வடக்கில் கத்தோலிக்கக் குருக்கள் இல்லாமல் போனார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை கிட்டத்தட்ட முப்பது வருடம். அத்தனை காலமும் செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காத்தவர்கள் சாதாரண வீட்டுப் பெரியவர்கள். ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடிவந்த குடும்பங்களின் கதையும் அந்தக் காலத்தது. அதே சொரூபம் 2008 ஏப்ரலில் போரால் திரும்பவும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது, ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குத் திரும்பியது. தனி ஒருவரால் இத்தனை காலம் காத்திருக்க முடிந்திராது.

அதனால் உங்கள் ஊரில் நாலைந்து பேராவது கிழமைக்கு ஒருநாள் கூடுங்கள். கூடும்போது ஒரு ஒழுங்கை வையுங்கள். யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது. யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் அவரோடு இருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் பிழைத்தது. "பொறுமையா இருங்கோ" என்பதற்குப் பதில் "நாளைக்கும் வாறன் அக்கா" என்று சொல்லலாம், சொன்னபடி போகவும் வேண்டும்.

உங்களுக்கே செபிக்க முடியாத மாதங்கள் வரும். அப்போது கூட்டத்தை விட்டுவிடாதீர்கள், சும்மா வந்து இருங்கள். மாற்கு 2இல் நான்கு பேர் திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அங்கே இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனிடம் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

படி 9: காத்திருந்தது வந்து சேரும்போது

இதற்கு யாரும் ஆயத்தப்படுத்துவதில்லை. காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தால் வீடு இல்லை, கிணறு தூர்ந்துபோய்க் கிடக்கும். விசா மறுக்கப்படும். அல்லது விசா வந்து, பிள்ளை போய், வீடு வெறுமையாகும். ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் மனம் அழுதால் அது நன்றி கெட்டதனம் அல்ல. படி 2க்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

இன்னும் கடினமானது, பதில் எலும்பாக வரும் நாள். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டும்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்தச் செய்தி கேட்ட இரவில் முல்லைத்தீவு மாவட்டத்தில் எத்தனை வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்! அது என் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று செபிப்பதா, இருக்கக்கூடாது என்று செபிப்பதா? இரண்டையும் செபிக்கலாம். கடவுளுக்கு அது விளங்கும். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பிள்ளைக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்தால் நாமே அவனைச் சாகடித்தது போலாகும் என்று தாய்மார் தவிக்கிறார்கள். நவம்பர் 2ஆம் திகதி ஆன்மாக்கள் திருநாளுக்குப் பெயர் கொடுக்கும் நேரம் இந்தத் தவிப்பு பெரிதாகும். பூசை உயிரோடு இருப்பவருக்கும் ஒப்புக்கொடுக்கலாம், இறந்தவருக்கும் ஒப்புக்கொடுக்கலாம். பாதரிடம் போய் இப்படிச் சொல்லுங்கள்: "அவன் இருந்தால் அவனுடைய பாதுகாப்புக்கு, இல்லையென்றால் அவனுடைய இளைப்பாற்றிக்கு." எந்தப் பட்டியலில் எழுதுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, பெயரை மட்டும் கொடுத்தால் போதும். சபை மக்களுக்கும் இதே வழி உண்டு, ஞாயிறு மன்றாட்டில் பெயரைச் சொல்லும்படி போதகரிடம் கேளுங்கள், மற்ற ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.